ஞாயிறு 2 முதல் 4 வரை வீடு திறந்திருக்கும்

தரகர் இல்லாமல் சொந்த வீட்டை விற்க நினைப்பவர்கள், ஒரே நாளில் எல்லோரையும் வரச்சொல்லிக் காட்டும் ‘ஓப்பன் ஹவுஸ்’ பற்றி அனுப்பிய கேள்விகளிலிருந்து சில. பத்திரம், வரி, பதிவு விதிகள் இடத்துக்கு இடம் மாறும். அவற்றைத் தொடும் இடங்களில் உங்கள் வழக்கறிஞரின் சொல்லே முடிவு.

கேள்வி: விளம்பரம் கொடுத்ததிலிருந்து தினம் யாராவது ஒருவர் வீடு பார்க்க வந்துகொண்டே இருக்கிறார். எல்லோரையும் ஒரே நாளில் வரச்சொல் என்கிறான் மகன். அதில் உண்மையிலேயே பயன் உண்டா?

பதில்: உண்டு. முதல் பயன் உங்கள் இடுப்புக்கு. பத்துப் பேருக்குத் தனித்தனியாகக் காட்டினால் பத்து முறை பெருக்கித் துடைக்க வேண்டும். அதில் இரண்டு மூன்று பேர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமலே இருந்துவிடுவார்கள்.

இரண்டாவது பயன் பெரியது. வீடு பார்க்க வந்தவர், அதே வீட்டைப் பார்க்க இன்னொரு குடும்பம் செருப்பைக் கழற்றுவதைப் பார்க்கிறார். “இன்னும் பலர் கேட்டிருக்கிறார்கள்” என்று நீங்கள் நூறு முறை சொன்னாலும் வராத நம்பிக்கை அந்த ஒரு காட்சியில் வந்துவிடும். இது எதிராகவும் திரும்பும். நான்கு மணி நேரம் திறந்து வைத்து, மணிக்கு ஒருவராக வந்தால், ஆளில்லாத கூடத்தைத்தான் ஒவ்வொருவரும் பார்ப்பார்கள். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். நேரம் குறைந்தால் கூட்டம் நெருங்கும்.

அன்றைக்கே வீடு விற்றுவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். இது முதல் சல்லடைதான். வாங்கப் போகிறவர் இரண்டாம் முறை, பெரும்பாலும் வீட்டுப் பெரியவர் ஒருவரையோ பொறியாளரையோ கூட்டிக்கொண்டு, தனியாக வருவார். அந்த இரண்டாம் வருகையைச் சம்பாதிப்பதுதான் ஞாயிற்றுக்கிழமையின் வேலை.

வீட்டில் படுக்கையில் இருக்கும் நோயாளி இருந்தாலோ, அடுக்குமாடிச் சங்கம் வெளியாட்கள் கூட்டமாக வருவதை அனுமதிக்காவிட்டாலோ இந்த முறை சரிவராது. அப்போது அதே இரண்டு மணி நேரத்தை 20 நிமிடத் துண்டுகளாகப் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் கிளம்பும்போது அடுத்தவர் வாசலில் நிற்பார். பலன் ஏறக்குறைய அதேதான்.

கேள்வி: எத்தனை நாள் முன்னதாகத் தயாராக வேண்டும்? எதைச் சரிசெய்வது, எதை விடுவது?

பதில்: மூன்று வாரம் இருந்தால் நல்லது. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தெருவில் போய் நில்லுங்கள். சொந்த வீட்டின் குறை சொந்தக் கண்ணுக்குத் தெரியாது. முடிந்தால் இதுவரை வீட்டுக்கு வராத ஒருவரை உடன் நடக்கச் சொல்லி, அவர் சொல்வதை மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

வாசலில் தொடங்குங்கள். வந்தவர் சும்மா நின்று பார்க்கும் ஒரே இடம் அது. அழைப்பு மணி அடிக்க வேண்டும். பூட்டு ஒரே திருப்பில் திறக்க வேண்டும். இறுகிய பூட்டுக்கு எண்ணெய் விடாதீர்கள், தூசியைப் பிடித்து மறுபடி இறுகும். கிராஃபைட் பொடி போதும். கதவு மேல் மூலையில் உரசினால் உடனே இழைப்புளியைத் தேட வேண்டாம். பெரும்பாலும் மேல் கீலின் திருகு தளர்ந்து கதவு சாய்ந்திருக்கும். கொஞ்சம் நீளமான திருகு போட்டு முடுக்கினால் நேராகிவிடும்.

அடுத்து தண்ணீர். சொட்டும் குழாய்க்குப் பெரும்பாலும் ஒரு வாஷர்தான் மருந்து. கழிப்பறைத் தொட்டி கசிகிறதா என்று பார்க்க, தொட்டித் தண்ணீரில் சமையல் நிறச்சாயம் பத்துச் சொட்டு விட்டு, யாரும் ஃப்ளஷ் செய்யாமல் 20 நிமிடம் விடுங்கள். கீழே பீங்கானில் நிறம் தெரிந்தால் உள்ளே அடைப்பு ரப்பர் தேய்ந்துவிட்டது. குளியலறை ஓரங்களில் கறுத்துப்போன சிலிக்கான் பூச்சின் மேலேயே புதிதாகப் பூசினால் ஒட்டாது. பழையதை முழுக்கச் சுரண்டி, உலரவிட்டுப் பூசி, 24 மணி நேரம் தண்ணீர் படாமல் விட வேண்டும்.

வெளிச்சத்துக்குப் பலர் செலவழித்தும் கெடுத்துவிடுகிறார்கள். ஒரே அறையில் ஒரு பல்பு மஞ்சள், இன்னொன்று நீலம் கலந்த வெள்ளை என்று எரிந்தால், பார்ப்பவருக்குக் காரணம் புரியாமலே அறை அழுக்காகத் தெரியும். பல்புப் பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண் இருக்கும். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 3000, சமையலறைக்கு 4000 என்று அறைக்கு ஒரே எண்ணாக மாற்றிவிடுங்கள். எரியாத பல்பு ஒன்றுகூட இருக்கக்கூடாது. பல்பையே மாற்றாதவர் கூரையையா கவனித்திருப்பார் என்று மனம் கணக்குப் போடும்.

அறைக்கு ஒன்றிரண்டு சாமான்களை வெளியேற்றுங்கள். நடக்கும் வழி 90 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். சாமான்களை அலமாரிக்குள் அடைத்துவிட்டுத் தப்பிக்க முடியாது. வருகிறவர்கள் அலமாரியைத் திறப்பார்கள். பிதுங்கி வழியும் அலமாரி, ‘இந்த வீட்டில் இடம் போதாது’ என்று உங்கள் சார்பில் சொல்லிவிடும். மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுங்கள்.

விட வேண்டியவை: புது சமையலறை, புதுத் தரை, விலை உயர்ந்த குளியலறைச் சாமான்கள். போட்ட பணம் முழுதாகத் திரும்புவது அரிது. வாங்குபவர் தன் ரசனைக்கு அதைப் பெயர்த்தெடுக்கவும் கூடும்.

கேள்வி: வீட்டில் லேசான வாடை இருக்கிறது. ரூம் ஸ்பிரே அடித்து ஊதுபத்தி ஏற்றி வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கமகமவென்று மணக்கும் வீட்டில் அனுபவசாலி முதலில் தேடுவது, எதை மறைக்கிறார்கள் என்பதைத்தான். வாடையின் காரணத்தைப் பிடியுங்கள்.

பயன்படுத்தாத குளியலறையிலிருந்து சாக்கடை வாடை வந்தால் காரணம் எளிது. கழிவுநீர்க் குழாயில் ஒரு வளைவு உண்டு. அதில் எப்போதும் தேங்கியிருக்கும் தண்ணீர்தான் கீழேயிருந்து வரும் வாயுவைத் தடுக்கும் மூடி. சில வாரம் தண்ணீர் விடாவிட்டால் அது வற்றி, வாயு நேராக மேலே வரும். தரை வடிகால், கை கழுவும் தொட்டி ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும். தண்ணீர் ஊற்றியும் மறுநாளே வாடை திரும்பினால் வளைவில் விரிசல் இருக்கலாம், அல்லது காற்றுக்குழாய் அடைத்திருக்கலாம். அது பிளம்பர் வேலை.

மூடிய அலமாரியில் பூஞ்சை நெடி அடித்தால், பின்சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். குளிர்ந்து பிசுபிசுத்தால் சுவரில் ஓதம். அலமாரியைச் சுவரிலிருந்து 5 செ.மீ. நகர்த்தி வைப்பது காற்றோட்டக் குறைவால் வந்த ஈரத்துக்கு உதவும். சுவர் உப்புப் பூத்து, பெயின்ட் பொரிந்திருந்தால் உதவாது. தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது. அதன் மேல் பெயின்ட் அடிப்பது காசைக் கரியாக்குவது. உள்ளேயிருக்கும் ஈரம் புதுப் பூச்சையும் பொரித்துத் தள்ளும், அதுவும் இரண்டாம் முறை பார்க்க வருகிற நேரமாகப் பார்த்து.

வேறு பெயின்ட் வேலை இருந்தாலும் குறைந்தது ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். ஈரப் பெயின்ட் வாசனையும் சந்தேகத்தைத்தான் கிளப்பும். அன்று காலை எதிரெதிர் ஜன்னல்களை அரை மணி நேரம் திறந்து வையுங்கள். பொரியல், வறுவல் எதையும் முதல் நாள் இரவிலிருந்தே தள்ளிவைத்துவிடுங்கள். வாடையே இல்லாத வீடுதான் நல்ல வீடு.

கேள்வி: விளம்பரம், படங்கள், தெருவில் வைக்கும் பலகை பற்றிச் சொல்லுங்கள். எப்போது ஆரம்பிப்பது?

பதில்: ஏழு நாள் முன்பு விளம்பரம், முதல் நாள் மாலை ஒரு நினைவூட்டல். இரண்டு வாரம் முன்பே போட்டால் மறந்துபோவார்கள். நேரத்தை உங்கள் சௌகரியத்துக்கு வைக்காமல், கூடத்தில் எப்போது வெயில் வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று பார்த்து வையுங்கள். படம் எடுக்கவும் அதுவே நேரம்.

படத்தை அறையின் மூலையிலிருந்து, கேமராவை நெஞ்சளவு உயரத்தில், ஏறக்குறைய 1.2 மீட்டரில், சாய்க்காமல் பிடித்து எடுங்கள். கண் உயரத்திலிருந்து கீழே சாய்த்தால் சுவர்கள் விழுவதுபோல் இருக்கும். போனில் இருக்கும் அதிஅகல லென்ஸைத் தவிருங்கள். சின்ன அறை மைதானமாகத் தெரியும்; நேரில் வந்தவர் ஏமாந்து முகம் சுளிப்பார். போன் படத்தோடு, எடுத்த இடம் எது என்ற தகவலும் பதிவாகியிருக்கலாம். முகவரியை வெளியிட விரும்பாவிட்டால் அதை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். படத்தின் குறுக்கே ‘விற்பனைக்கு’ என்று மெல்லிய எழுத்தில் போட்டுவிடுவதும் நல்லது. பிறர் வீட்டுப் படத்தைத் திருடி, ‘வாடகைக்கு’ என்று போட்டு முன்பணம் கறக்கும் மோசடி பல இடங்களில் நடக்கிறது. அறை அளவுகளோடு கூடிய ஒரு தரைப்பட வரைபடம் பத்துப் படத்துக்குச் சமம். அளவு தெரிந்து வருகிறவர் பாதி முடிவு செய்தே வருகிறார்.

பலகையில் அதிகம் எழுதுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. எழுத்தின் உயரம் 2.5 செ.மீ. என்றால் சுமார் 3 மீட்டர் தூரத்திலிருந்து வசதியாகப் படிக்கலாம் என்பது பலகை எழுதுவோர் கணக்கு. அப்படியானால் 10 செ.மீ. எழுத்துக்கு 12 மீட்டர். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் 8 மீட்டர் கடக்கும். ஓட்டுகிறவருக்குக் கிடைப்பது ஒன்றரை வினாடி. எழுத்தை 20 செ.மீ. ஆக்கினால் மூன்று வினாடி. அதற்குள் படிக்கக்கூடியது ‘வீடு விற்பனை’, நேரம், ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். திரும்ப வேண்டிய ஒவ்வொரு முனையிலும் ஒரு பலகை வேண்டும். ஒரு முனையை விட்டாலும் அடுத்த பலகை வீண். பொது இடத்தில் வைக்க அனுமதி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு, முடிந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

அக்கம்பக்கத்தாரை அரை மணி முன்னதாக அழையுங்கள். வேடிக்கை பார்க்க வருகிறார்களே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். தன் தங்கையோ நண்பனோ அதே தெருவில் குடிவர வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் அவர்கள்தான்.

கேள்வி: விலையை விளம்பரத்தில் போடலாமா? “கடைசி விலை என்ன?” என்று கேட்டால் என்ன சொல்வது?

பதில்: போடுங்கள். விலை போடாவிட்டால் வாங்க முடியாதவர்களும் வருவார்கள். வாங்கக்கூடிய சிலர் வராமல் இருந்துவிடுவார்கள்.

விலை வைக்கும்போது, பக்கத்து வீடுகளுக்கு என்ன கேட்கிறார்கள் என்பதைப் பார்க்காதீர்கள். என்ன விலைக்கு முடிந்தது என்று பாருங்கள். கேட்பது ஆசை, முடிந்ததுதான் விலை. கடந்த ஆறு மாதத்தில் உங்கள் வீட்டை ஒத்த மூன்று வீடுகளின் முடிந்த விலை கிடைத்தால் போதும். ஒப்பிடும்போது மூன்றுக்கும் ஒரே வகைப் பரப்பளவை எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சுவருக்குள் அளந்ததையும் பொது இடத்தைச் சேர்த்து அளந்ததையும் கலந்துவிட்டால் கணக்கே தப்பு. இன்னொன்று: தேடும் தளங்களில் மக்கள் ‘100 வரை’ என்று முழு எண்ணில்தான் வடிகட்டுவார்கள். நீங்கள் 101 என்று வைத்தால் அந்தப் பட்டியலில் உங்கள் வீடு இருக்கவே இருக்காது.

தரகர் இல்லாததால் மிச்சமாகும் தரகுப் பணத்தின் மீது உங்களுக்கு மட்டும் கண் இல்லை. வாங்குபவரும் அதே தொகையை மனசுக்குள் கழித்துக்கொண்டுதான் பேச வருவார். அதில் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். கூடத்தில் நின்றுகொண்டு யோசிக்காதீர்கள்.

“கடைசி விலை?” என்ற கேள்விக்கு ஒரே பதில்: “நீங்கள் தர நினைக்கும் தொகையை எழுதிக் கொடுங்கள், வீட்டில் பேசிச் சொல்கிறேன்.” எல்லோருக்கும் இதே பதில், கணவனும் மனைவியும் ஒரே பதில். சமையலறையில் ஒருவர் ஒரு விலையும் வாசலில் மற்றவர் ஒரு விலையும் சொன்னால், மாலைக்குள் குறைந்த விலை ஊருக்கே தெரிந்துவிடும். ஏன் விற்கிறீர்கள் என்பதற்குப் பொய் வேண்டாம். “பெரிய வீடு தேவைப்படுகிறது”, “இடம் மாறுகிறோம்” என்று உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். “அடுத்த மாதத்துக்குள் பணம் வேண்டும்” என்பது உண்மையாகவே இருந்தாலும் அது வாய்க்குள்ளேயே இருக்கட்டும்.

கேள்வி: வருகிறவர்களுக்கு என்ன தாள் கொடுப்பது? பத்திர நகல் கேட்டால்?

பதில்: ஏ4 தாள் ஒன்று, இரு பக்கமும். முதல் பக்கத்தில் படம், விலை, பரப்பளவு (எப்படி அளந்தது என்பதோடு), கட்டிய ஆண்டு, தரைப்படம், தொடர்பு எண். பின்பக்கத்தில் வாங்குபவர் வீட்டுக்குப் போய் யோசிக்கும் விஷயங்கள்: ஆண்டு வரி, மாதப் பராமரிப்பு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மின் இணைப்பின் அளவு, கூரையும் வாட்டர் ஹீட்டரும் எத்தனை ஆண்டு ஆனவை, வண்டி நிறுத்தும் இடம். விலையோடு எவை சேரும், எவை சேராது என்ற பட்டியல் கட்டாயம். ஏசி, பதித்த அலமாரி, அடுப்பு, திரைக்கம்பி என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பெரிய தொகையில் ஒத்துப்போனவர்கள் மின்விசிறிக்குச் சண்டை போட்டு முறித்துக்கொள்வதுண்டு. சேராத பொருளை முடிந்தால் முன்னமே கழற்றிவிடுங்கள். பார்க்காததைக் கேட்க மாட்டார்கள். 30 பிரதி போதும்.

பத்திர நகலை அன்று கொடுக்காதீர்கள். உங்கள் பெயர், கையெழுத்து, அடையாள எண், சொத்து விவரம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தால், உங்கள் வேஷத்தில் வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ முயல்பவனுக்குப் பாதி வேலை முடிந்தது. மேசைமேல் ஒரு கோப்பில், எண்களையும் கையெழுத்தையும் மறைத்த நகல்களைப் பார்ப்பதற்கு மட்டும் வையுங்கள். முழு நகல், எழுத்தில் விலை கொடுத்தவரின் வழக்கறிஞருக்கு உங்கள் வழக்கறிஞர் மூலம் போகட்டும்.

கேள்வி: கணவர் வெளியூரில். நானும் பள்ளிக்குப் போகும் மகளும்தான் வீட்டில். முன்பின் தெரியாதவர்களை உள்ளே விடப் பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது. முதல் விதி: தனியாக நடத்தாதீர்கள். நம்பிக்கையான ஒரு பெரியவரைக் கட்டாயம் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வாசலில், ஒருவர் உள்ளே. மகளை அந்த இரண்டு மணி நேரம் வேறு வீட்டில் விடுங்கள். வளர்ப்புப் பிராணி இருந்தால் அதையும்.

வாசலில் ஒரு நோட்டு. பெயரும் போன் எண்ணும் எழுதியபின் அந்த எண்ணுக்கு அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். அவர் போனுக்கு அழைப்பு வராவிட்டால் எண் பொய். முகம் கோணினாலும் பரவாயில்லை. வாங்க வந்தவர் இதற்குக் கோபப்பட மாட்டார். ஒரே நேரத்தில் இரண்டு குழுவுக்கு மேல் உள்ளே வேண்டாம், மற்றவர்கள் வெளியே காத்திருக்கட்டும். ஒருவர் உங்களிடம் விடாமல் பேச, இன்னொருவர் படுக்கையறைப் பக்கம் தனியே நழுவுவது பழைய தந்திரம். “சேர்ந்தே பாருங்கள், நானும் வருகிறேன்” என்று சொல்லிவிடுங்கள்.

அறைக்குள் போகும்போது அவர் முன்னே, நீங்கள் பின்னே. கதவுக்கும் உங்களுக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. மொட்டை மாடி, கிடங்கு அறை போன்ற ஒதுக்குப்புறங்களுக்கு நீங்கள் ஏறிப்போக வேண்டாம், அவர்களே பார்த்துவிட்டு வரட்டும்.

நகை, பாஸ்போர்ட், லேப்டாப் எல்லாம் வீட்டைவிட்டே வெளியேற வேண்டும். அலமாரியில் பூட்டி வைப்பது போதாது. பலருக்கும் தோன்றாதவை: மருந்துப் பெட்டி, ஆணியில் தொங்கும் மாற்றுச் சாவி, வங்கிக் கடிதம், ஃபிரிட்ஜில் ஒட்டிய வைஃபை கடவுச்சொல், ‘ஊருக்குப் போகிறோம்’ என்று வட்டமிட்ட நாள்காட்டி, பள்ளிச் சீருடையில் மகளின் படம். கேமரா இருந்தால் வாசலிலேயே எழுதி வையுங்கள். சொல்லாமல் படமோ ஒலியோ பதிவது சட்டச் சிக்கலாகலாம்.

எல்லோரும் போனதும், கூட இருந்தவரை அனுப்புமுன், ஒவ்வொரு ஜன்னல் தாழ்ப்பாளையும் பின்கதவையும் மாடிக்கதவையும் கையால் இழுத்துப் பாருங்கள். பகலில் ஒரு கொக்கியைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டுப் போய், இரவில் திரும்பி வருபவர்கள் உண்டு. இந்த ஐந்து நிமிட வேலையைக் களைப்பில் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மாடி ஒழுகியதைச் சரிசெய்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது ஒழுகவில்லை. கேட்காவிட்டால் சொல்லாமல் இருக்கலாம்தானே?

பதில்: சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். என்ன ஆனது, எந்த மாதம், என்ன வேலை செய்தார்கள், ரசீது, உத்தரவாதம் இருந்தால் அதன் நகல், அதன்பின் பெய்த மழையில் ஒழுகவில்லை என்ற ஒரு வரி. சொன்ன குறை பேரத்தில் கொஞ்சம் விலையைக் குறைக்கலாம். மறைத்தது தெரிந்தால் விற்பனையே முறியலாம், விற்றபின் வழக்காகவும் வரலாம். ஈரமானியோடு வரும் பொறியாளர் பூச்சுக்கு அடியில் இருப்பதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

மறைப்பதைவிட அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: தெரியாததை அளப்பது. “இந்தச் சுவரை இடித்துக் கூடத்தைப் பெரிதாக்கலாம்”, “மேலே இன்னொரு மாடி எழுப்பலாம்” என்று ஆர்வத்தில் சொல்லிவிடுவார்கள். அது பாரம் தாங்கும் சுவராக இருக்கலாம், மாடிக்கு அனுமதியே கிடைக்காமல் போகலாம். நீங்கள் சொன்னதை நம்பித்தான் வாங்கினேன் என்று நாளை நிற்பார். “எனக்குத் தெரியாது, பொறியாளரைக் கேளுங்கள்” என்பது மரியாதையான பதில்தான்.

கேள்வி: வாங்குபவர்போல் வந்தவர் கடைசியில் தரகர் என்று தெரிந்தது. “என்னிடம் ஆள் இருக்கிறது” என்கிறார்.

பதில்: வருவார்கள், விரட்ட வேண்டியதில்லை. அவரிடம் ஆள் உண்மையிலேயே இருக்கலாம். தரகு தருவதா, எத்தனை சதவீதம், யார் தருவது என்பதை முன்பே முடிவு செய்துகொண்டு, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் தரகு இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஒப்பந்தம் போட்டாலும் அவர் கூட்டிவரும் குறிப்பிட்ட நபருக்கு மட்டும், குறிப்பிட்ட தேதி வரை மட்டும். வருகை நோட்டில் ‘எப்படித் தெரிந்தது?’ என்று ஒரு பத்தி இருந்தால், நேரடியாக வந்தவரைப் பின்னாளில் வேறொருவர் ‘என் ஆள்’ என்று சொந்தம் கொண்டாட முடியாது.

கேள்வி: விற்கப்போகும் வீட்டில் வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்களை வைத்துக்கொண்டு இதைச் செய்யலாமா?

பதில்: அவர்கள் சம்மதத்தோடு மட்டும். வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பார்த்து, எழுத்தில் கொடுங்கள். காணாமல் போகும் பொருளுக்கு யார் பொறுப்பு என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். அந்த மாத வாடகையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வதாகவும், வீடு சுத்தம் செய்யும் செலவை ஏற்பதாகவும் சொன்னால் ஒத்துழைப்பு தானாக வரும். வருத்தத்தோடு இருக்கும் குடித்தனக்காரர் வாங்க வந்தவரிடம் சொல்லும் ஒரு வாக்கியம் உங்கள் மூன்று வார வேலையையும் கெடுத்துவிடும். அவர்கள் காலி செய்யப்போகிறார்களா, தொடரப்போகிறார்களா என்பதைத் தகவல் தாளில் எழுத மறக்காதீர்கள்.

கேள்வி: ஒருவர் அங்கேயே முன்பணத்தை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொள்ளலாமா? இன்னும் இரண்டு பேர் ஆர்வம் காட்டினார்கள்.

பதில்: கையில் வாங்காதீர்கள். முன்பணம் வாங்கிய கையோடு மற்ற இருவரையும் இழக்கிறீர்கள். ரசீதில் என்ன எழுதினீர்கள் என்பதைப் பொறுத்து, பின்வாங்கவும் முடியாமல் போகலாம். “புதன் மாலை 6 மணிக்குள் எல்லோரும் எழுதிக் கொடுங்கள், வியாழன் சொல்கிறேன்” என்று மூவருக்கும் ஒரே செய்தியை அனுப்புங்கள். பணம் வரும்போது, வழக்கறிஞர் எழுதிய உடன்படிக்கைக்குப் பிறகு, வங்கி வழியாக வரட்டும். நேரில் பார்க்காமலே முழு விலைக்கு ஒப்புக்கொண்டு, ‘தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்’ என்பவர் மோசடிக்காரர். வேறு விளக்கம் தேட வேண்டாம்.

எழுத்தில் கேட்க வேண்டியவை: தொகை, முன்பணம், கடன் என்றால் வங்கியின் முன் ஒப்புதல் கடிதம், நிபந்தனைகள், முடிக்கும் தேதி, இந்த விலை எந்த நாள் வரை செல்லும் என்பது.

தொகையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். ஒருவர் 100 தருகிறார் (லட்சமோ ஆயிரமோ, கணக்கு ஒன்றுதான்). ஆனால் அவருடைய பழைய வீடு விற்ற பிறகுதான். இன்னொருவர் 97, கடன் ஒப்புதல் கையில், 45 நாளில் முடிப்பார். உங்கள் கடன் வட்டி, பராமரிப்பு, வரி எல்லாம் சேர்த்து மாதம் 0.7 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவருக்காக மூன்று மாதம் கூடுதலாகக் காத்திருந்தால் 2.1 போய்விடும். மிஞ்சும் வித்தியாசம் 0.9. அந்த 0.9-க்காக, அவர் வீடு விற்காமலே போகும் அபாயத்தைத் தலையில் சுமக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. எங்களைக் கேட்டால், 97 பக்கம்.

கேள்வி: 14 குடும்பங்கள் வந்தன. எல்லோரும் “வீடு நன்றாக இருக்கிறது” என்றார்கள். பத்து நாளாகிவிட்டது, ஒருவரும் கூப்பிடவில்லை.

பதில்: நீங்கள் கூப்பிட்டீர்களா? மறுநாளோ அதற்கடுத்த நாளோ அழைத்திருக்க வேண்டும். இப்போதும் அழைக்கலாம். “வீடு பிடித்ததா?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ‘பிடித்தது’ என்பார்கள். “வேண்டாம் என்று வைத்ததற்கு ஒரே ஒரு காரணம் சொல்வதானால் எதைச் சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். மறுத்துப் பேசாமல், சொன்ன வார்த்தையை அப்படியே அவர் பெயருக்கு எதிரே குறித்துக்கொள்ளுங்கள்.

14 பேரில் ஏழெட்டுப் பேர் ஒரே காரணத்தைச் சொன்னால் நோய் பிடிபட்டுவிட்டது. இருட்டு, வாடை, குளியலறை என்றால் விலையைத் தொடாமல் அதைச் சரிசெய்து, மறுபடி ஒருநாள் திறந்து வையுங்கள். சத்தமான தெரு, சின்ன சமையலறை என்று மாற்ற முடியாததைச் சொன்னால், அதுவும் விலை பற்றிய பதில்தான். இந்தக் குறைக்கு இந்த விலை அதிகம் என்கிறார்கள். ஆளுக்கொரு காரணம் சொன்னால் அநேகமாகக் காரணம் விலை, சொல்லக் கூச்சம். விளம்பரத்தைப் பலர் பார்த்தும் வந்தது இரண்டு மூன்று பேர்தான் என்றால் கதை வேறு. அப்போது படமோ விலையோ வாசலுக்கு வெளியிலேயே தடுத்திருக்கிறது.

குறைப்பதானால் ஒரே முறை, கண்ணுக்குத் தெரியும்படி குறையுங்கள். வாரம் ஒரு சதவீதமாகக் கிள்ளிக் குறைத்தால் இன்னும் குறையும் என்று காத்திருக்கப் பழக்கிவிடுவீர்கள். தேடல் தளங்களின் அடுத்த முழு எண்ணுக்குக் கீழே இறங்குமாறு புது விலையை வையுங்கள். முதல் படத்தையும் மாற்றிவிடுங்கள். பார்த்துப் புளித்த படத்தை யாரும் திறப்பதில்லை. விளம்பரத்தில் மாற்றுவதற்கு ஒருநாள் முன்பு, “விலைதான் கொஞ்சம்...” என்று இழுத்தவர்கள் யார் என்று நோட்டில் பார்த்து, அவர்களுக்கு முதலில் போன் செய்யுங்கள்.